முதல் வாசகி வேண்டாமென்றவை

ஆதாரத் தொகுப்பகத்தில் முதல் வாசகியும் இரண்டாம் வாசகரும் பேசிக்கொள்ள அனுமதிக்கப்பட்ட ஒரே பொருள் வானிலை. அதிலும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மழை வரும்போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், ஆமாம் என்று மற்றவர் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால், ஒருவருடைய தீர்ப்பு மற்றவரைத் தொற்றிவிட்டதாகக் கொண்டு இருவரையும் வெவ்வேறு தளங்களுக்கு மாற்றிவிடுவார்கள். ஆகவே அவ்விருவரும் ஒரு மரத்தடுப்பின் இருபுறமும் அமர்ந்து, ஒருவர் இருமினால் மற்றவர் தம் இருமலை அடக்கிக்கொண்டு, பல ஆண்டுகளாக நாணயமாகப் பணியாற்றிவந்தனர்.

தொகுப்பகத்தின் வேலை எளிமையானது. அதை எளிமையாகச் சொல்வதற்குத்தான் அங்கே தடை. ஒரு மருந்தைப் பற்றி உலகெங்கும் எழுதப்பட்ட ஆய்வுகளையெல்லாம் வலைவீசி வாரிக்கொண்டு வருவார்கள். வலையில் மீனும் வரும், பழைய செருப்பும் வரும். முதல் வாசகி ஒவ்வோர் ஆய்வின் தலைப்பையும் சுருக்கத்தையும் படித்து, ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்னும் இரு பொத்தான்களுள் ஒன்றை அழுத்துவாள். அவள் அழுத்தியது இன்னதென்று அறியாமல் இரண்டாம் வாசகரும் அதையே படித்துத் தம் பொத்தானை அழுத்துவார். ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாவிட்டால் முரண் தீர்வு அமர்வு கூடும். அங்கே மட்டும் இருவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து, அந்த ஆய்வைப் பற்றி வாதாடலாம். இறுதியில் ‘வேண்டும்’ என்று தேறியவற்றைக் கூட்டிப் பார்த்து, இம்மருந்து நல்லது, இம்மருந்து கெடுதல் என்று தொகுப்பகம் அறிவிக்கும். மருத்துவர்கள் அதை நம்பி மருந்து எழுதுவார்கள்.

ஒரு நாள் காலையில் அந்த மரத்தடுப்பைக் கழற்றிக்கொண்டு போனார்கள். எல்லாரையும் கூடத்துக்கு வரச் சொல்லி இயக்குநர் பேசினார்.

“இதுவரைக்கும் நாம படிச்சு முடிவு பண்ணினோம். படிக்கிறதுலதான் தப்பே வருது. யோசிச்சுப் பாருங்க, படிக்காத கட்டுரையில யாராவது தப்புப் பண்ணியிருக்காங்களா? பத்துல எட்டைப் படிக்காம விட்டுட்டா, பத்துல எட்டுத் தப்பு தானாவே குறைஞ்சிடும். நான் இயக்குநராகி இத்தனை வருஷத்துல ஒரு ஆய்வைக்கூடப் படிச்சதில்ல. என்மேல ஒரு புகார் உண்டா?”

ஒருவரும் புகார் சொல்லவில்லை. கைதட்டினார்கள்.

ஆய்வுகளைப் பிரித்தெடுக்கும் இயந்திரம் அன்று பிற்பகலே வந்திறங்கியது. அதற்குக் குளிரூட்டிய தனியறை ஒதுக்கப்பட்டது. அது ஒரு வேலையும் தொடங்குமுன்பே எல்லாரும் எழுந்து நின்றார்கள். அதன்முன் குரலை உயர்த்தக் கூடாது; குறை சொல்லக் கூடாது; அது தாமதித்தால் பிழை நம் பக்கம்தான். ஆகவே அலுவலகத்தார் அதற்கு மாப்பிள்ளை என்று பெயரிட்டனர். இரண்டாம் வாசகர் என்ற பதவி மாப்பிள்ளைக்குப் போயிற்று. அதுவரை அப்பதவியில் இருந்தவர், மாப்பிள்ளையின் அறையில் வெப்பம் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் பணிக்கு உயர்த்தப்பட்டார். உத்தரவில் ‘உயர்த்தப்பட்டார்’ என்றே இருந்தது. அறை ஐந்தாம் தளத்தில் இருந்தமையால் அது பொய்யும் அன்று.

அவர் தம் கண்ணாடிக்கூட்டையும் தண்ணீர்ப் புட்டியையும் எடுத்துக்கொண்டு, தடுப்பு இருந்த இடத்தைத் தாண்டி முதல் வாசகியிடம் வந்தார்.

“இனிமே பேசலாம்மா,” என்றார். “மழை வரும்போல இருக்கு.”

“ஆமாண்ணா,” என்றாள் முதல் வாசகி.

இருவருக்கும் அது சற்றுக் கூச்சமாக இருந்தது.

மாப்பிள்ளைக்குத் தரப்பட்ட முதல் வேலை, குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு மூச்சு சீராவதற்காகக் கொடுக்கும் ஒரு மருந்தைப் பற்றியது. மருந்தின் பெயரைப் பார்த்ததும் முதல் வாசகி எழுந்து நேரே முறைமை அதிகாரியிடம் போனாள். அவர் விதிகளைக் கரைத்துக் குடித்தவர். வீட்டில் பால் பொங்கினால்கூட, எந்த விதியின்கீழ் அடுப்பை அணைப்பது என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார் என்று அலுவலகத்தில் சொல்வார்கள்.

“சார், இந்த மருந்தை என் பொண்ணுக்குக் குடுத்தாங்க,” என்றாள். “குறைமாசத்துல பிறந்தா. ஒரு ஆய்வுல சேர்த்துக்கிறோம்னு கேட்டாங்க, கையெழுத்துப் போட்டேன். அவ பிழைக்கல. இந்த வேலையை நான் பார்க்கலாமா?”

அதிகாரி கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“மருந்துக் கம்பெனியில பங்கு ஏதாவது வச்சிருக்கீங்களா?”

“இல்ல சார்.”

“அவங்க செலவுல வெளியூர் போனது, ஹோட்டல்ல தங்கினது?”

“இல்ல.”

“பேனா, பை, காலண்டர், அந்த மாதிரி?”

“ஒண்ணும் குடுக்கல சார்.”

“அப்போ உங்களுக்கும் இந்த மருந்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லன்னு போட்டுக்கிறேன்,” என்ற அதிகாரியின் முகம் மலர்ந்தது. “இவ்வளவு சுத்தமான ஆளு கிடைக்கிறது கஷ்டம்மா.”

அவள் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. அன்று கையெழுத்து வாங்கிய மருத்துவர், ‘நாளைக்குப் பிறக்கிற குழந்தைங்களுக்கு இது உதவும்மா’ என்று சொல்லியிருந்தார். அந்த ஆய்வு பிற்பாடு ஒரு சிறிய இதழில் வெளிவந்தது. அதன் அட்டவணையில், உயிரிழப்பு என்பதற்கு நேரே, ஒன்று என்றிருந்தது. பெயர் வைக்குமுன்பே போய்விட்ட குழந்தைக்கு இவ்வுலகில் இருந்த ஒரே பெயர் அந்த ஒன்றுதான். மருந்தால் போனாளா, மருந்தையும் மீறிப் போனாளா என்பது தாய்க்குத் தெரியாது. இப்படிப்பட்ட ஒன்றுகளையெல்லாம் சேர்த்து எண்ணினால்தான் யாருக்கும் தெரியும். எண்ணுவதற்கென்றுதான் தொகுப்பகம் இருந்தது. அந்த ஆய்வு தன் திரைக்கு வரும். தன் கையாலேயே ‘வேண்டும்’ என்று அழுத்தலாம். அழுத்திவிட்டால் மருத்துவர் சொன்ன சொல் மெய்யாகிவிடும். அவளுக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

அவளுடைய கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். மாலையில் அவருடைய வண்டியிலேயே அவள் வீடு திரும்புவாள். அது ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டு போகும் வண்டி. குறுக்கே மருத்துவமனை வழியாகப் போகும் வண்டியைக் கேட்டு வாங்கினால் அரைமணி மிச்சமாகும். அவர் கேட்டதில்லை, அவளும் ஏனென்று கேட்டதில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள முதல் இருக்கையில் அவள் உட்கார்ந்ததும், அவர் மேலே இருந்த கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கேட்பார்.

“பாப்பா வந்தாளா?”

“இன்னும் இல்லங்க.”

“வருவா. வரிசை நீளம்போல.”

மாப்பிள்ளைக்குத் தானாக ஒன்றும் தெரியாது. கற்றுக்கொடுக்க வேண்டியவள் முதல் வாசகி. வலையில் வந்தவற்றுள் சில நூறு ஆய்வுகளை அவள் படித்து அழுத்த வேண்டும். எவற்றை வேண்டுமென்றாள், எவற்றை வேண்டாமென்றாள் என்று பார்த்துப் பார்த்து மாப்பிள்ளை அவள் மனப்போக்கைப் பிடித்துக்கொள்ளும். பிறகு, மீந்திருக்கும் பல்லாயிரம் ஆய்வுகளை, அவள் ஏற்கக்கூடியவை முன்னும் தள்ளக்கூடியவை பின்னுமாக அதுவே அடுக்கித் தரும். தொடர்ந்து வேண்டாதவையாகவே வரத் தொடங்கியதும், எஞ்சியவை யாவும் குப்பையென்று கொண்டு வாசிப்பை நிறுத்திவிடலாம். ‘நிறுத்துவது’ என்ற சொல் தொகுப்பகத்தில் அதுவரை இத்தனை மரியாதையோடு உச்சரிக்கப்பட்டதில்லை.

அவள் நன்றாகவே கற்பித்தாள். ஒவ்வொரு ‘வேண்டாம்’ முடிவுக்கும் ஒரு காரணம் குறிக்க வேண்டும், குறித்தாள். ஆய்வு மிகச் சிறியது. ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லை. கவனித்த காலம் போதாது. யாவும் விதிக்குட்பட்ட காரணங்கள். சில சுருக்கங்களில் முதல் வரியைத் தாண்டுமுன்பே விரல் அழுத்தியிருக்கும். காரணம் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். கை பழகிவிட்டது என்று நினைத்தாள். இடைவேளையில் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். கண்ணெரிச்சல் என்று நினைத்தாள். திரையைப் பார்ப்பவர்களுக்கு அது வருவதுதான். அவளைச் சோதிப்பதற்காக, அவள் ஒதுக்கிய ஆய்வுகள் சிலவற்றையே தலைப்பை மறைத்து மறுபடியும் அனுப்பினார்கள். எல்லாவற்றையும் முன்போலவே ஒதுக்கினாள். தொகுப்பகத்தின் வரலாற்றில் இத்தனை தடுமாற்றமற்ற கையைக் கண்டதில்லை என்று முறைமை அதிகாரி வியந்தார்.

ஒரு முற்பகலில் மாப்பிள்ளை நிறுத்திக்கொண்டது. மணி அடித்தார்கள். படிக்காமல் விடப்பட்ட ஆய்வுகளின் எண்ணிக்கை வாயிலில் இருந்த மின்பலகையில் ஓடியது. ஊழியர்கள் அதன்முன் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். முதல் வாசகி மட்டும் முறைமை அதிகாரியின் அறை வாசலில் நின்றாள்.

“சார், ஒரு ஆய்வு வரணும். வரல.”

“வரலன்னா வேண்டாததுன்னு அர்த்தம்மா.”

“அது வேண்டியதுதான் சார். எனக்குத் தெரியும்.”

“உங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் மாப்பிள்ளைக்கும் தெரியும். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?” அவர் தம் திரையை அவள் பக்கம் திருப்பினார். “எதையெதைப் பார்த்து ஒதுக்குதுன்னு அதுவே சொல்லும் பாருங்க.”

திரையில் சொற்கள் பெரிதும் சிறிதுமாக நின்றன. மாப்பிள்ளை எந்தச் சொல்லை மிகவும் வெறுத்ததோ அது மிகப் பெரிதாக இருந்தது. இறந்தது. பிழைக்கவில்லை. பெற்றோர் ஒப்புதலுடன். கடைசி மணிநேரம்.

“என்ன அழகாக் கத்துக்கிட்டிருக்கு பாருங்க,” என்றார் அதிகாரி. “குழந்தை செத்துப்போன ஆய்வு ஒண்ணுகூட உள்ள வரல. நல்லபடியா முடிஞ்சதை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கு. முடிவு எவ்வளவு தெளிவா வந்திருக்கு தெரியுமா? உயிரிழப்பே இல்ல.”

தான் பூட்டிவிட்டு வந்த வீட்டுக்குள்ளிருந்து தன் குரலே கேட்டாற்போல முதல் வாசகி நின்றாள். அவை மாப்பிள்ளையின் வெறுப்புகள் அல்ல. மாப்பிள்ளைக்கு வெறுக்கத் தெரியாது.

தன் இடத்துக்குப் போய், தான் அழுத்தியவற்றை முதலிலிருந்து திறந்து பார்த்தாள். அவள் தேடிய ஆய்வு வரிசையின் பின்னால் இல்லை, முன்னால் இருந்தது. முதல் நாளே அவள் திரைக்கு வந்திருக்கிறது. சுருக்கத்தின் முதல் வரியிலேயே ‘இறந்தது’ என்ற சொல் இருந்தது. ‘வேண்டாம்’ என்று அழுத்தியிருந்தாள். காரணம்: ஆய்வு மிகச் சிறியது.

ஐந்தாம் தளத்தில், பழைய இரண்டாம் வாசகர் கம்பளிச் சட்டையும் கழுத்துத்துணியுமாக ஒரு வெப்பமானியைக் காவல்காத்துக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பேசாமல் இருப்பதில் அவருக்கு நெடுநாள் பயிற்சி.

“நீங்க என் பக்கத்துல இருந்திருந்தா, அண்ணா?”

“நான் ‘வேண்டும்’னு போட்டிருப்பேன். நீ ‘வேண்டாம்’னு போட்டிருப்பே. அமர்வுல உட்கார்ந்து சண்டை போட்டிருப்போம். அந்தச் சண்டைக்குத்தானேம்மா ரெண்டு பேரை வச்சிருந்தாங்க.” வெப்பமானியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ரெண்டாவது சண்டையிலயே, ‘என்னம்மா, உனக்கு என்ன ஆச்சு’ன்னு கேட்டிருப்பேன். கேட்கக் கூடாதுதான். ஆனா கேட்டிருப்பேன்.”

அவள் தன் முடிவை ‘வேண்டும்’ என்று மாற்றி அனுப்பினாள். விதிப்படி முரண் தீர்வு அமர்வு கூட்டப்பட்டது. மாப்பிள்ளையை ஒரு தள்ளுவண்டியில் வைத்து, பழைய இரண்டாம் வாசகர் கீழே கொண்டுவந்தார். நாற்காலியில் அமர்த்தினார்கள். அதன்முன் ஒரு குவளை தண்ணீரும் வைக்கப்பட்டது. அமர்வுகளில் மாப்பிள்ளையை ‘அவர்’ என்றே குறிப்பிட வேண்டும் என்பது புதிய விதி.

“முதல் வாசகி ‘வேண்டும்’னு சொல்றாங்க. இரண்டாம் வாசகர் ‘வேண்டாம்’னு சொல்றாரு,” என்று முறைமை அதிகாரி தொடங்கினார்.

“இரண்டாம் வாசகர் சொல்றதுக்கு என்ன ஆதாரம்?” என்றார் இயக்குநர்.

“முதல் வாசகி எடுத்த முடிவுகள், ஐயா. அத்தனையும் ஒரே சீரா இருக்கு.”

“முதல் வாசகி சொல்றதுக்கு?”

“அவங்க அழறாங்க, ஐயா.”

இயக்குநர் மேசைமேல் கைகளைக் கோத்துக்கொண்டார். கனிவாகத்தான் பேசினார்.

“இங்க பாருங்கம்மா. உங்களுக்குள்ள ரெண்டு பேர் இருக்காங்க. அன்னைக்கு அழாம முடிவெடுத்த நீங்க. இன்னைக்கு அழுதுகிட்டே மாத்தச் சொல்ற நீங்க. ஒரு நிறுவனம் இவங்கள்ல யாரை நம்பும்?”

“அன்னைக்குத்தான் சார் அழுதுட்டிருந்தேன்,” என்றாள் முதல் வாசகி. “இன்னைக்குத்தான் படிச்சேன்.”

முறைமை அதிகாரி விதிகளைப் புரட்டினார். வாசகர் எந்த நாளில் அழுதார் என்பதைக் குறிக்க இடம் எதுவும் இல்லை.

“உணர்ச்சி உள்ள வரக் கூடாதுன்னுதானேம்மா இந்த இயந்திரத்தையே கொண்டுவந்தோம்,” என்றார் இயக்குநர்.

“வந்துடுச்சு சார். அதுக்குள்ள வேற ஒண்ணும் இல்ல. முழுக்க என் பொண்ணு செத்ததுதான் இருக்கு.”

எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அதன் முகப்பில் ஒரு சிறிய பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது பதற்றப்படவில்லை என்பதையும், முதல் வாசகி பதற்றமாக இருந்தாள் என்பதையும் குறிப்பில் சேர்க்கும்படி இயக்குநர் பணித்தார். ஆய்வு விலக்கப்பட்டது விலக்கப்பட்டதே என்று முடிவாயிற்று. காரணம் எழுத வேண்டிய இடத்தில், அவளே முன்பு குறித்த காரணத்தை எழுதினார்கள். ஆய்வு மிகச் சிறியது.

தள்ளுவண்டியை வெளியே உருட்டிக்கொண்டு போன பழைய இரண்டாம் வாசகர் அவளருகில் ஒரு கணம் நின்றார்.

“மழை வரும்போல இருக்கும்மா,” என்றார்.

தொகுப்பின் வெளியீட்டு விழாவில் மருத்துவமனைகளிலிருந்து பலர் வந்திருந்தனர். மேடையின் பின்னால் கட்டியிருந்த பெரிய துணியில், உயிரிழப்பு இல்லை என்று ஆளுயர எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

“இந்தத் தொகுப்புல ஒரு குழந்தைகூடச் சாகல,” என்று இயக்குநர் பேசினார். “இதுக்கு முன்னாடி நாங்க எத்தனையோ தொகுப்பு வெளியிட்டிருக்கோம். எல்லாத்துலயும் ஒண்ணு ரெண்டு உயிரிழப்பு வந்து முடிவைக் கெடுத்துடும். இந்த முறை வரவிடல. அதுக்கான பெருமை இயந்திரத்துக்கும், அதுக்குச் சொல்லிக்குடுத்த ஒரு கைக்கும்தான் சேரும்.”

அந்தக் கைக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். அதில் ‘தடுமாறாத கை’ என்று பொறித்திருந்தது. அதை வாங்கும்போது கை தடுமாறியது. நல்லவேளையாக முறைமை அதிகாரி கேடயத்தைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டார். முன்வரிசையில் இருந்த மருத்துவர்கள் ஆளுக்கொரு பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். நாளைக்குப் பிறக்கப்போகிற குழந்தைகள் அவர்களுக்காகக் காத்திருந்தன.

அன்று மாலை அவள் பேருந்தில் ஏறி முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். கணவர் கண்ணாடியில் பார்த்தார். கேடயத்தையும் பார்த்தார்.

“பாப்பா வந்தாளா?”

வண்டி ஊரைச் சுற்றியது. கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகுதான் வாய் திறந்தாள்.

“முதல் நாளே வந்திருக்கா. நான்தான் முகத்தைக்கூடப் பார்க்காம வேண்டாம்னு அழுத்திட்டேன்.”

அவர் எஞ்சினை அணைத்தார். கைகள் மட்டும் வண்டி ஓடிக்கொண்டிருப்பதுபோல் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்திருந்தன.

“நான் மட்டும் என்ன?” என்றார். “ஆஸ்பத்திரி வழியாப் போற வண்டிய இத்தனை வருஷமா எவன் தலையிலயாவது கட்டிட்டுத்தானே இருக்கேன். கேட்டா, அந்தப் பக்கம் சிக்னல் அதிகம், முட்டி வலிக்குதுன்னு சொல்லுவேன். நல்ல காரணந்தான். யாரும் சந்தேகப்பட்டதில்ல.”

வெளியே மழை பிடித்துக்கொண்டது. இருவரும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“நாளைக்கு அந்த வண்டிய நான் எடுக்கிறேன்,” என்றார். “நீயும் வா.”

மறுநாள் காலை மருத்துவமனை வழியாகப் போகும் வண்டியில் கூட்டம் நெரிந்தது. முதல் இருக்கையில் சன்னலோரத்தை விட்டுவிட்டு, உள்ளே நடைபாதைப் பக்கம் தள்ளி அவள் உட்கார்ந்திருந்தாள். அந்த வழித்தடத்து நடத்துநருக்கு அவளைத் தெரியாது.

“எத்தனை பேரும்மா?”

“ஒரு முழு, ஒரு அரை.”

நடத்துநர் சன்னலோரத்தைப் பார்த்தார். குனிந்து இருக்கைக்கு அடியிலும் பார்த்தார்.

“அஞ்சு வயசுக்குக் கீழன்னா டிக்கெட் வேண்டாம்மா. அதெல்லாம் கணக்குல வராது.”

“அஞ்சு முடிஞ்சிடுச்சு,” என்றாள். “போன மாசந்தான் முடிஞ்சது.”

நடத்துநர் மறுபடியும் அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தார். ஓட்டுநரின் கண்கள் சாலையில் இல்லை. வண்டி மருத்துவமனை நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. ஏறியவர்கள் இடம் தேடி முட்டிக்கொண்டிருந்தார்கள். வயிற்றுச் சுமையோடு ஏறிய ஒரு பெண்ணுக்காக அவளுடைய துணைவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

“அண்ணே, அந்த சன்னலோரம் காலியா?”

முதல் வாசகி நகர்வதற்காக எழுந்தாள். அந்தப் பெண்ணுக்குத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் சன்னலோரத்துக்குத் தள்ளப் போனாள்.

“இங்கேயே உட்காரும்மா,” என்றார் நடத்துநர். “அங்க ஆளிருக்கு.”

சொல்லிவிட்டு அரை டிக்கெட்டைக் கிழித்தார்.